ஏன் என்று சொல்லிவிட்டுப் போ!

(இரண்டாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு மாணவி)

பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி வண்டிக்காக நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. விசாரித்தால், "வண்டி வராது" என்று இரண்டே சொல்லில் பதில் வருகிறது. உடனே நம் வாயில் தானாக வருவது எது? "ஏங்க?" என்பதுதானே! டயர் பஞ்சர் என்றால் அரை மணி காத்திருக்கலாம். டிரைவர் லீவு என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்றால் வீட்டுக்கே திரும்பிவிடலாம். "வராது" என்பது ஒரே செய்திதான். ஆனால் காரணத்தைப் பொறுத்து நாம் செய்யவேண்டிய வேலை மாறிவிடுகிறது.

சி மொழியில் புரோகிராம் எழுதும் நாமெல்லாம் அந்த விசாரணை ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான். நம் புரோகிராம் ஒரு ஃபைலைத் திறக்க முடியாமல் போனால் என்ன சொல்கிறது? லேப் ரெக்கார்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். "எரர்" என்று இருக்கும். கொஞ்சம் தாராள மனசுக்காரர் எழுதியதாக இருந்தால் "கேனாட் ஓபன் ஃபைல்" என்று இருக்கும். ஏன் திறக்க முடியவில்லை? அது மட்டும் இருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரணம் கணிப்பொறிக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, நம் புரோகிராமிடம் சொல்லியும் விட்டது. நாம்தான் அதை வாங்கி வெளியே சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் நண்பர்களோடு கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

காரணம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் வேலைக்காக சி மொழியை உருவாக்கினார் என்று முதல் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஃபைலைத் திறப்பது, படிப்பது, எழுதுவது எதையும் நம் புரோகிராம் நேரடியாகச் செய்துவிடுவதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் மனுப் போடுகிறது. மனு ஏற்கப்பட்டால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பும். அந்த எண் வந்து உட்காரும் இடத்துக்கு எர்நோ என்று பெயர். எரர் நம்பர் என்பதன் சுருக்கம்தான் அது. எர்நோ டாட் ஹெச் என்ற ஹெடர் ஃபைலைச் சேர்த்துக்கொண்டால் நாமும் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

லினக்ஸில் சில எண்களைச் சொல்கிறேன். 2 என்றால் அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை. 13 என்றால் ஃபைல் இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை. 21 என்றால் நீ எழுதப் பார்ப்பது ஃபைல் அல்ல, டைரக்டரி. 24 என்றால் அளவுக்கு மேல் ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறாய். 28 என்றால் டிஸ்கில் இடம் இல்லை. பார்த்தீர்களா, ஐந்துக்கும் ஐந்து விதமான மருந்து! பெயரைச் சரிபார்க்கவேண்டும், அல்லது அனுமதி வாங்கவேண்டும், அல்லது பாதையை மாற்றவேண்டும், அல்லது திறந்ததை மூடவேண்டும், அல்லது பழையதை அழித்து இடம் பண்ணவேண்டும். "எரர்" என்று மட்டும் சொன்னால், எதிரே இருப்பவர் ஐந்தையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கவேண்டியதுதான்.

இந்த எண்ணைச் சொல்லாக மாற்றித் தர சி-யிலேயே இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. ஒன்று பி-எரர். இன்னொன்று எஸ்டிஆர்-எரர். இரண்டுமே 1989-ல் வந்த அன்சி தரத்தில் இடம் பெற்றவை. எஃப்ஓபன் நல் திருப்பியதும், பிரிண்ட்எஃப் போடும் இடத்தில் பி-எரர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும். திரையில் முதலில் ஃபைலின் பெயர் வரும். பிறகு ஒரு கோலன், ஓர் இடைவெளி, அதன்பின் காரணம். "மார்க்ஸ் டாட் டெக்ஸ்ட்: பெர்மிஷன் டினைடு" என்பது போல. எஸ்டிஆர்-எரர் காரணத்தை மட்டும் ஸ்ட்ரிங்காகக் கையில் கொடுக்கும். நம் விருப்பப்படி வாக்கியம் அமைத்துக்கொள்ளலாம்.

கோலன் காட்டிக் கொடுத்த கதை

எங்கள் லேப்பில் நடந்ததைச் சொல்கிறேன். என் தோழி ஒருத்தி மார்க் லிஸ்ட் புரோகிராம் எழுதியிருந்தாள். ஃபைல் பெயரை யூசரிடம் கேட்டு, அதைத் திறந்து, மொத்தமும் சராசரியும் போடவேண்டும். பெயரைக் கொடுத்தால் "எரர்". மறுபடி கொடுத்தால் மறுபடியும் "எரர்". ஃபைலோ அதே டைரக்டரியில் கண்ணெதிரே இருக்கிறது. "ஏ, இந்தா இருக்குடி, இது கண்ணுக்குத் தெரியலையாமா அதுக்கு?" என்று கம்ப்யூட்டரோடு சண்டைக்கே போய்விட்டாள்.

அந்த பிரிண்ட்எஃப் வரியை எடுத்துவிட்டு பி-எரர் போட்டு ஓட்டிப் பார்த்தோம். "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தது. அப்படி ஃபைல் இல்லையாம்! ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று திரையில் இருந்தது. ஃபைல் பெயர் ஒரு வரியில் நிற்கிறது. கோலன் அடுத்த வரியின் தொடக்கத்தில் நிற்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கவேண்டிய கோலன் ஏன் கீழே இறங்கியது?

பெயரை வாங்க அவள் எஃப்கெட்எஸ் பயன்படுத்தியிருந்தாள். நாம் கடைசியில் தட்டும் என்டர் கீயையும் சேர்த்து ஸ்ட்ரிங்கில் வைத்துவிடுவது அதன் வழக்கம். ஆகவே புரோகிராம் தேடியது "மார்க்ஸ் டாட் டெக்ஸ்ட்" என்ற ஃபைலை அல்ல. அந்தப் பெயரோடு ஒரு நியூலைன் எழுத்தும் ஒட்டிக்கொண்ட வேறொரு பெயரை. அப்படி ஒரு ஃபைல் உலகத்தில் இல்லைதான். கம்ப்யூட்டர் சொன்னது முழு உண்மை! கடைசி எழுத்தை வெட்டி எறிந்ததும் புரோகிராம் ஓடியது.

இதிலிருந்து ஒன்று விளங்கியது. காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. எதைப் பற்றிய காரணம் என்பதையும் சொல்லவேண்டும். ஃபைல் பெயரை அச்சடிக்காமல் காரணத்தை மட்டும் போட்டிருந்தால் இன்னும் அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பாள்.

மூன்று ஜாக்கிரதைகள்

எர்நோவைப் பயன்படுத்துவதில் சில நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, தோல்வி நடந்த பிறகுதான் அதைப் பார்க்கவேண்டும். நடந்த உடனே பார்க்கவேண்டும். வேலை ஒழுங்காக முடிந்தது என்றால் யாரும் எர்நோவைத் துடைத்து 0 ஆக்கி வைப்பதில்லை. பழைய எண் அப்படியே கிடக்கலாம். வெற்றியாக முடிந்த ஃபங்ஷனே உள்ளுக்குள் வேறு எதையாவது சோதித்துப் பார்த்து ஓர் எண்ணை விட்டுவிட்டும் போகலாம்.

யூனிக்ஸ் உலகில் இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. பழைய ஸ்டாண்டர்டு ஐஓ லைப்ரரி, ஒரு ஃபைலில் எழுதத் தொடங்கும்போது "இது டெர்மினலா?" என்று சோதித்துப் பார்க்கும். சாதாரண ஃபைல் என்றால், இல்லை என்று பதில் வரும். அப்போது எர்நோவில் 25 வந்து உட்காரும். அதற்கு அன்றைய செய்தி "நாட் எ டைப்ரைட்டர்", அதாவது "இது தட்டச்சு இயந்திரம் அல்ல"! அதன்பிறகு சம்பந்தமே இல்லாமல் வேறெங்கோ தகராறு நடக்க, புரோகிராமர் எர்நோவை எடுத்துப் போட, கடிதம் போகவில்லை என்பதற்கே "தட்டச்சு இயந்திரம் அல்ல" என்று காரணம் காட்டிய மெயில் புரோகிராம்கள் உண்டு. காரணமே சொல்லாததைவிடத் தப்பான காரணம் சொல்வது மோசம். ஆகவே முதலில் ஃபங்ஷன் திருப்பித் தந்த மதிப்பைப் பாருங்கள். தோல்வி என்றால் அடுத்த வரியிலேயே எர்நோவை ஒரு இன்ட் வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் புகுந்தால்கூட எண் மாறிவிடலாம்.

இரண்டாவது, எண்ணை நம்பாதீர்கள், பெயரை நம்புங்கள். டாஸ் காலத்து டர்போ சி-யில் அனுமதி மறுப்புக்கு எண் 5. லினக்ஸில் அது 13. லினக்ஸில் 5 என்றால் இன்புட் அவுட்புட் பிழை. "எர்நோ 5 வந்தால் அனுமதி இல்லை" என்று டர்போ சி-யில் எழுதிய புரோகிராமை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், டிஸ்க் கோளாறைப் பார்த்து "அனுமதி இல்லை" என்று பொய் சொல்லும். அதற்காகத்தான் ஹெடர் ஃபைலில் ஈஆக்சஸ், ஈநோஎன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். எண் ஊருக்கு ஊர் மாறும். பெயர் நிற்கும்.

மூன்றாவது, சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டும். பி-எரர் தன் செய்தியை எஸ்டிடி-அவுட்டில் போடாது, எஸ்டிடி-எரரில் போடும். இரண்டும் ஒரே திரையில்தான் தெரிகிறது, அப்புறம் எதற்கு இரண்டு என்று கேட்கலாம். இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு யூனிக்ஸிலிருந்து கட்டுரைகளை அனுப்புவார்கள். ஏதோ பிழை நடந்துவிட, பிழைச் செய்தியும் அதே வழியில் போய், அழகான எழுத்தில் அச்சாகி வந்து நின்றதாம்! அப்படிச் சில தடவை நடந்த பிறகுதான் பிழைச் செய்திக்கென்று தனி வாய்க்கால் வெட்டினார்கள். நம் மார்க் லிஸ்ட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டாலும் பிழைச் செய்தி மட்டும் திரைக்கு வருகிறதே, அது அந்த வாய்க்காலின் புண்ணியம்தான்.

"சேவ் ஆயிருச்சு" என்ற பொய்

இன்னொரு விஷயம். எல்லோரும் எஃப்ஓபனை மட்டும் சோதிக்கிறோம். எஃப்குளோஸை யாரும் சோதிப்பதில்லை. மூடுவதில் என்ன தோல்வி இருக்கப்போகிறது என்று நினைப்பு.

எஃப்பிரிண்ட்எஃப் போட்டதும் எழுத்துகள் நேராக டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் பஃபரில் சேர்கின்றன. பஃபர் நிறையும்போதோ, ஃபைலை மூடும்போதோதான் உண்மையாக வெளியே போகின்றன. டிஸ்கில் இடம் இல்லை என்பதும் பல சமயம் அப்போதுதான் தெரியவரும். லினக்ஸில் இதைச் சோதிப்பதற்கென்றே டெவ் என்ற டைரக்டரியில் ஃபுல் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. எப்போதும் நிரம்பி வழியும் டிஸ்க் போல நடிக்கும். அதைத் திறந்தால் திறக்கும். ஒரு வரி எழுதினால் எஃப்பிரிண்ட்எஃப் "எழுதிவிட்டேன்" என்று சொல்லும். எஃப்குளோஸ் போடும்போதுதான் தோல்வி வரும்: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". அதைச் சோதிக்காத புரோகிராம் என்ன செய்யும்? "சேவ் ஆயிருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பால் கணக்காகவோ ஒரு வகுப்பின் மதிப்பெண்ணாகவோ அது இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்

இதெல்லாம் புரோகிராமர் வசதிக்கான விஷயம், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நானும் பாடத்தில் ஒரு பாடமாகத்தான் நினைத்திருந்தேன், எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்கும்வரை.

சென்ற ஆண்டு எனக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அப்பா கொத்தனார் வேலை பார்ப்பவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போய் விண்ணப்பித்தார். சில நாள் கழித்து "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தது. அப்பா மறுபடி போனார். திரும்பி வந்து, "மறுபடி போடுங்கன்னு சொல்றாக தாயி. ஏன்னு கேட்டா, கம்ப்யூட்டர்ல அப்புடித்தான் காட்டுதுங்கறாக" என்றார். அதே காகிதங்களோடு மறுபடி போட்டோம். மறுபடியும் அதே சொல். மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். அங்கிருந்த ஓர் அம்மா பொறுமையாக வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். காரணம் அங்கே பளிச்சென்று இருந்தது. குடும்ப அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது, ஆதாரில் இல்லை. அவ்வளவுதான்! திருத்திக் கொடுத்ததும் சான்றிதழ் வந்துவிட்டது.

அந்த அலுவலர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பார்க்கும் திரையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. என் மனதில் ஓடியது வேறு. அந்தப் புரோகிராமையும் நம்மைப் போல ஒருவர்தானே எழுதியிருப்பார்? காரணம் உள்ளே இருந்தது. அதை முதல் பக்கத்தில் காட்டுவதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கூலி போயிற்று. ரெக்கார்டு நோட்டில் "எரர்" என்று நாம் எழுதுவதும் அதே ஒரு வரிதான்.

நம் சட்டத்துக்கே இந்த விஷயம் தெரிந்திருக்கிறது. அரசிடம் தகவல் கேட்கும் உரிமைக்காக 1997-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன் 7-ஆவது பிரிவின் 8-ஆம் உட்பிரிவைப் படித்தபோது எனக்கு பி-எரர்தான் நினைவுக்கு வந்தது. தகவல் தர மறுத்தால் மூன்று விஷயங்களைச் சொல்லியே தீரவேண்டும்: மறுப்பதற்கான காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது, யாரிடம் செய்யவேண்டும் என்பது. தகவல் மனுவுக்கு மட்டுமான விதிதான் இது. ஆனாலும் ஒரு நல்ல பிழைச் செய்திக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் முடியவில்லை, அடுத்து என்ன செய்யலாம், யாரைக் கேட்கலாம். முதலாவதை எர்நோ தரும். மற்ற இரண்டையும் புரோகிராம் எழுதும் நாம்தான் சேர்க்கவேண்டும்.

யார் படிக்கப் போகிறார்கள்?

நம் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்ததையும், கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தியதையும், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கள் அப்பத்தாவும் அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்தான். இன்றும் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எதையும் விடாமல் வாய்விட்டுப் படிப்பார். அவரிடம் போய் "பெர்மிஷன் டினைடு" என்றால் என்ன பயன்?

லினக்ஸில் எஸ்டிஆர்-எரர் தரும் செய்தியை வேறு மொழிகளில் காட்டவும் ஏற்பாடு இருக்கிறது. புரோகிராமில் செட்லோக்கேல் போட்டு, அந்த மொழிக்கான மொழிபெயர்ப்பும் இருந்தால் செய்தி மாறி வரும். அதனால்தான் செய்தியின் சொற்களை எஸ்டிஆர்சிஎம்பி போட்டு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. ஒப்பிடவேண்டியது எர்நோவின் பெயரை. ஆனால் அந்த மொழிபெயர்ப்புக்காக நாம் காத்திருக்கவேண்டியதில்லை. ஒரு ஸ்விட்ச் போட்டு, ஈநோஎன்ட் என்றால் "இந்தப் பெயரில் ஃபைல் இல்லை, பெயரைச் சரிபார்க்கவும்", ஈஆக்சஸ் என்றால் "இந்த ஃபைலைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை, பொறுப்பாளரைக் கேட்கவும்" என்று நாமே தமிழில் எழுதிவிடலாம். கீழே சிறியதாக அசல் ஆங்கிலச் செய்தியையும் போட்டுவிடுங்கள். மேலே உள்ளது பயன்படுத்துபவருக்கு, கீழே உள்ளது ரிப்பேர் பார்க்க வருபவருக்கு.

நீங்களே செய்து பாருங்கள்

2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பெரியப்பா மகனுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. அதில்தான் நான் பழகுகிறேன். அப்படி ஒன்று கிடைத்தால், அல்லது லேப்பில் லினக்ஸ் இருந்தால், இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

இல்லாத ஒரு ஃபைலைப் படிக்கத் திறங்கள். ஒரு டைரக்டரியின் பெயரைக் கொடுத்து எழுதத் திறங்கள். சிஹெச்மாட் போட்டு ஒரு ஃபைலின் அனுமதியை எடுத்துவிட்டுத் திறங்கள். கடைசியாக ஒரு லூப் போட்டு, மூடாமலேயே ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டே போங்கள். லினக்ஸில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக உள்ள வரம்பு 1024. அதில் எஸ்டிடி-இன், எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எரர் என்று மூன்று ஏற்கெனவே போய்விடும். எனவே 1022-ஆவது தடவை "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்" என்று நின்றுவிடவேண்டும். எண்ணைப் போட்டுப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்போது ஒரு தனி சந்தோஷம்! நான்கிலும் எஃப்ஓபன் திருப்பித் தருவது அதே நல்தான். பி-எரர் மட்டும் நான்கு விதமாகப் பேசும்.

அடுத்த ஆண்டு நாம் புராஜெக்ட் செய்யப் போகிறோம். கடைக் கணக்கு, ஹாஸ்டல் வருகைப் பதிவு, நூலகம் என்று ஆளுக்கொன்று எடுப்போம். வைவாவில் எல்லோரும் புரோகிராம் ஓடுவதைத்தான் காட்டுவார்கள். நம் செட்டில் ஒரு வழக்கம் கொண்டுவரலாமா? ஃபைலை எடுத்துவிட்டு ஒருமுறை, அனுமதியை எடுத்துவிட்டு ஒருமுறை, இடமில்லாமல் ஒருமுறை என்று ஓடாதபோது அது என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுவோம். சொல்வது புரிகிறதா என்று வகுப்புக்கு வெளியே ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

முதல் ஆளாக எங்கள் அப்பத்தாவை அழைத்து வருகிறேன்.